முள் பாதியில் நின்ற கார்

"பங்க்ல நானே பக்கத்துல நின்னு டேங்கை ரொப்பினேன். வீடு வர்றதுக்குள்ள முள் பாதிக்கு வந்துடுச்சு. இப்ப பெட்ரோலைத் திருடினது யாரு, நானா?" என்று கேட்டுக்கொண்டே காரைவிட்டு இறங்கினார் டீச்சரம்மா.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

இருபத்தைந்து வருஷத்துப் பழைய கார் அது. மூன்று மாதத்துக்கு முன்பும் முள் இப்படித்தான் இறங்குகிறது என்று டீச்சரம்மா கொண்டுவந்தார். அன்று மெக்கானிக் டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டார். முள் சட்டென்று மேலே ஏறியது. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. டேங்க்குள்ள அளவு காட்டுற மிதவையும் நான் புதுசா மாட்டினது. அப்ப குறையிறது பெட்ரோல்தான்" என்று சொல்லிவிட்டார். அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய சகலை, மனைவியின் தங்கை புருஷன். வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். "சொந்தக்காரன்னு பூசி மெழுக மாட்டேம்மா" என்று வேறு மார்தட்டினார். மறுநாளே சகலைக்கு வேலை போயிற்று.

"சொந்தம்னுகூட பாக்காம உண்மையைச் சொன்னீங்களே, அதைத்தான் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றார் டீச்சரம்மா.

"சொல்லாதீங்கம்மா" என்றார் மெக்கானிக்.

டேங்க் மூடியைத் திறந்தார். கழுத்துவரை பெட்ரோல் பளபளத்தது. டிக்கியில் விரித்திருந்த பாயை விலக்கினார். கீழே டேங்க் கன்னங்கரேலென்று மின்னியது. முதல் தடவை இந்தப் புகாரோடு கார் வருவதற்கு முந்தின வாரம்தான், துருப்பிடித்த டேங்கைக் கழற்றிச் சுரண்டி, இரண்டு கை கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். வேலை சுத்தமாக இருக்கவேண்டுமே என்று, போல்ட் உட்காரும் இடத்தைக்கூட விடவில்லை.

ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை மிதவையின் மூடியிலும் மறுமுனையை வண்டியின் இரும்பிலும் வைத்தார்.

"உள்ள உக்காந்து சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்கம்மா."

"ஏறுதே. முழுசா ஏறிடுச்சு."

ஒயரை எடுத்தார்.

"இப்ப இறங்குது. என்ன மாயம் பண்றீங்க?"

"மாயமில்லம்மா. நான் அடிச்ச பெயிண்ட். அது நடுவுல நின்னு, டேங்குக்கு வண்டி இரும்போட எர்த்து சரியாக் கிடைக்கல, அதான் முள் குறைச்சுக் காட்டுது. அன்னிக்கு மீட்டரை மட்டும் பாத்தேன். இதைப் பாக்கவே இல்ல."

டீச்சரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அப்ப அவன்?"

"ஒரு சொட்டு எடுக்கலம்மா."

"எங்கிட்ட எவ்வளவு கெஞ்சினான். மெக்கானிக்கே சொல்லிட்டாரு, நீ வாயை மூடுன்னேன்." சாவியை உருவிக்கொண்டு, "முதல்ல நீங்க போய்ச் சொல்லுங்க. நாளைக்கு நான் வர்றேன்" என்றார்.

மூன்றாவது தெருவில் சகலையின் மாடி வீடு. சகலை நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். இப்போது சிமெண்ட் கடையில் மூட்டை ஏற்றுகிறான். தோள்பட்டையில் தோல் உரிந்திருந்தது.

"வாங்கண்ணே. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்ப்பா. அந்தப் பெட்ரோல் விஷயம். தப்பு என்மேலதான். நான் அடிச்ச பெயிண்ட்டாலதான் முள் இறங்கியிருக்கு."

சகலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "பெயிண்ட் அடிச்சு வந்ததுக்கப்புறம்தான் முள் ஆடுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்கென்ன தெரியும், வண்டிய ஓட்டுற வேலையைப் பாருன்னேன்."

"ஞாபகம் இருக்கா. பரவாயில்ல." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள என் பொண்ணு இருக்கா. பெரியப்பா பொய் சொல்ல மாட்டாருப்பான்னு சொன்னவ, மூணு மாசமா என் முகத்தைப் பாத்துப் பேசல. அவகிட்ட சொல்லுங்க."

உள்ளே படித்துக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க பெரியப்பா."

அந்த மரியாதையில் அவர் கூனிக் குறுகிப்போனார். "நின்னுக்கிட்டே சொல்றேம்மா" என்று ஆரம்பித்தார். பெயிண்ட்டைச் சொன்னார், எர்த்தைச் சொன்னார். சுற்றி வளைக்கிறோம் என்று தெரிந்து நிறுத்தினார்.

"உங்கப்பா திருடல. திருடினான்னு நான்தான் சொன்னேன். சரியாப் பாக்காம சொன்னேன்."

பெண் அவரைத் தாண்டிக்கொண்டு, "அப்பா" என்று கூப்பிட்டபடி வெளியே போனாள். போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தார்.