புகைக்கப்பல் வரிசை

என் மனைவி றுஸ்தாவை அடக்கிய கபுறுக்கும் கடல் அரித்த விளிம்புக்கும் இடையில் போன மாதம் பதினொரு அடி இருந்தது. இந்த மாதம் ஆறு. சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் அசருக்குப் பிறகும் மையவாடிக்குப் போய் அளக்கிறேன். வேறு வேலை ஓடுவதில்லை.

கபுறை இடம் மாற்றக் கேட்டேன். கடல் தானாகத் திறக்கும்வரை மூடிய கபுறைத் தோண்டக்கூடாது என்று பள்ளிவாசல் நிருவாகத்தில் சொன்னார்கள். அதனால் உரப் பைகளில் மண் நிரப்பி, அவளுக்கு முன்னால் மட்டும் நாற்பது பைகள் அடுக்கினேன். அந்த இடத்தில் அரிப்பு நின்றது.

அவளுக்குத் தெற்கே தலைமாட்டில் நட்ட, பெயரில்லாத மீசான் கற்கள் ஒரு வரிசை. புகைக்கப்பல் வரிசை என்போம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு நீராவிக் கப்பல் கடலுக்குள் இருக்கும் பாறையில் மோதி உடைந்தது. கரையொதுங்கிய உடல்களில் யார் எந்த மார்க்கம் என்று தெரியவில்லை. ஊரார் எல்லோரையும் குளிப்பாட்டி, தொழுது, அடக்கினார்கள். தேடி இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மையவாடி பார்க்கும் நஜீம் போனில் கூப்பிட்டார். ஓடிப்போனேன். என் பைகளில் மோதிய அலை ஓரமாகத் திரும்பி அந்த வரிசையை அறுத்திருந்தது. ஒரு மண்டையோடும் இரண்டு கால் எலும்புகளும் வெளியே கிடந்தன.

"கெம்பஸ்ல இதத்தானா படிச்சீங்க?" என்றார் நஜீம். "தண்ணிய மறிச்சா அது வேறெங்கயாச்சும் போகத்தானே வேணும்."

மேட்டில் குழி வெட்டினோம். றுஸ்தாவின் வாப்பா அப்துல் ஸமட் மாமா வெள்ளைத் துணியோடு வந்தார். எலும்புகளை அவரே பொறுக்கி, மண் தட்டிச் சுற்றினார். மூடி முடிந்ததும் பைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தால் மாரிக்குள் அவள் போய்விடுவாள் என்றேன். அந்த வரிசையில் இன்னும் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள் என்றார். அவர்களைக் கேட்க யாரும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் துடைத்தார்.

"றுஸ்தாக்கு நாம இரிக்கம் மகன். கடல் திறந்தா அண்டைக்கே எடுத்து மேட்டுல வைப்பம். இவங்களுக்கு ஆரு இரிக்கா?"

நஜீமிடம் கத்தி வாங்கி முதல் பையைக் கிழித்தேன். கொட்டிய மண்ணை அடுத்த அலை இழுத்துக்கொண்டு போனது. மாமா மறுபக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்தார். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னபோது நாலைந்து பைகள் மிச்சம். அவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினோம்.

மேட்டில் புதிய கபுறுக்குப் பக்கத்தில் றுஸ்தாவுக்கு ஓரிடம் ஒதுக்கித் தர முடியுமா என்று நஜீமிடம் கேட்டேன். அவர் போய் தலைமாட்டுக்கு ஒன்றும் கால்மாட்டுக்கு ஒன்றுமாக இரண்டு கம்புகளை நட்டார்.