மிச்ச நாற்று

நடுப்பகலில் வாடும் செடிகள் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். அதனால் தண்ணீர்தான் போதவில்லை என்று இராஜாங்கம் பாய்ச்சிக்கொண்டே இருந்தான். நெல் வளர்த்த கைக்கு எல்லா நோயும் தண்ணீர்க் குறைதான். அவன் மனைவி அம்சவல்லிக்கு மனம் ஒப்பவில்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் தாள் போர்த்திய சாகுபடிக் குடிலுக்குள் போய், காய் பிடித்திருந்த தக்காளிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கினாள். வேரெல்லாம் இஞ்சி மாதிரி முடிச்சு.

படம் எடுத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு அனுப்பினாள். போன் வந்தது. வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவாம். கண்ணுக்குத் தெரியாதாம். மண்ணோடு போகும், மண்வெட்டியோடு போகும். புகுந்த மண்ணை விட்டு லேசில் போகாது. நாற்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். குடிலுக்குள்ளேயே ஒரு மூலையில் விதைத்ததாகச் சொன்னாள். நெல்லுக்கு அப்படித்தானே, வயலின் ஒரு மூலைதானே நாற்றங்கால்.

சொல்லும்போதே நினைவு வந்தது. ஏற்கெனவே செத்துப்போன சில செடிகளின் இடத்தில் புதிதாக விதைத்து நட்டது போக, மிச்ச நாற்றை நேற்று கமருன்னிஸாவுக்குக் கொடுத்திருந்தாள். மிச்ச நாற்றைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிக் காயப்போடுகிறவர் அந்த ஊரில் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கமருன்னிஸா போட்டிருப்பது புதுக் குடில். தரிசாகக் கிடந்த, தக்காளியே பார்க்காத மண். அது விளைந்தால் குவைத் வேலையை விட்டு வந்துவிடுவதாகப் புருஷன் நெய்னா முகம்மது சொல்லியிருந்தான்.

அம்சவல்லி ஓடினாள். கமருன்னிஸா முதல் வரிசையை நட்டு முடித்து அடுத்ததற்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"நடாத கமரு. நிறுத்து."

"உள்ள வந்து சொல்லுங்கக்கா."

"வரமாட்டேன். என் கால்ல அந்த மண்ணு இருக்கு."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கமருன்னிஸா எழுந்திருக்கவில்லை.

"குடுத்த நாத்தைத் திரும்பக் கேக்க இப்படி ஒரு கதையா? பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லுங்க, தர்றேன்."

அம்சவல்லிக்கு முகம் சுட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாள் என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எனக்கு வேணாம். கொளுத்திப் போடு. ஒரு வேரையாவது கழுவிப் பாரு."

கமருன்னிஸா கூடையிலிருந்த ஒரு நாற்றை வாளியில் அலசினாள். வெள்ளை வேர், சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. "இதுல என்னக்கா இருக்கு?" என்று மூன்றாவதை அலசித் தூக்கியவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேர் நுனியில் கடுகளவுக்கு ஒரு வீக்கம்.

திட்டுவாள் என்று அம்சவல்லி நின்றாள். கமருன்னிஸா திட்டவில்லை. சாக்கை எடுத்துவந்து, நட்ட வரிசையைச் சுற்றி இருந்த மண்ணோடு தோண்டித் தோண்டிப் போட்டாள். எவ்வளவு ஆழம் எடுத்தால் போதும் என்று கேட்டாள். அம்சவல்லிக்குத் தெரியவில்லை. கூட ஒரு கை போடவும் முடியாமல் வெளியே நின்றாள்.

நெய்னா முகம்மது வீடியோவில் கூப்பிட்டான். கமருன்னிஸா கையைத் துடைத்துக்கொண்டு, தோண்டாத பக்கமாகப் போனைத் திருப்பிப் பிடித்தாள். நட்டாகிவிட்டதா என்று அவன் கேட்டான்.

"நாளைக்குங்க" என்றாள்.