அசலுக்கும் சிவப்பு, போலிக்கும் சிவப்பு

எங்கள் மருத்துவமனையில் நான்தான் கணினிக்காரன். மவுஸ் நகராவிட்டாலும் நான், மின்விசிறி சுற்றாவிட்டாலும் நான். அன்று காலை மேலாளர் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. எவனோ எங்கள் நெட்வொர்க்கில் புகுந்து, நோயாளிகள் பதிவுத் தளத்தைப் போலவே ஒரு போலியை நிறுத்தியிருந்தான். கவுன்டர் அக்கா அதில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். எண்ணூறு பேருடைய விவரம் போய்விட்டது.

"எச்சரிக்கை வந்திருக்கு, தள்ளிவிட்டுட்டு உள்ள போயிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் கொடு. அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிடலாம்" என்றார்.

எனக்கும் கோபம்தான். திரை முழுக்கச் சிவப்பாக, 'இந்தத் தளத்தை நம்ப முடியாது' என்று வருகிறது. கண் என்ன பிடரியிலா இருக்கிறது? விடுவிடுவென்று கவுன்டருக்குப் போனேன். அக்கா கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருட வேலை. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"சிவப்பு வந்துச்சுல்ல அக்கா?"

"வந்துச்சு தம்பி. எப்பவும் வர்றதுதானே? நீங்க சொன்ன மாதிரியே 'பரவாயில்லை, தொடர்க'ன்னு அமுக்கினேன்."



ஒரு தளம் தான் யாரென்று காட்டச் சான்றிதழ் வேண்டும். நம்பகமான நிறுவனத்திடம் வாங்கியதா என்று பார்த்துத்தான் பிரவுசர் உள்ளே விடும். கட்டடத்துக்குள் ஓடும் தளத்துக்கு எதற்கு அந்தத் தொல்லை என்று, நானே ஒரு சான்றிதழைச் செய்து மாட்டியிருந்தேன். பிரவுசர் அதை நம்பாமல் தினமும் சிவப்புக் காட்டியது. "அது அப்படித்தான் கத்தும், கண்டுக்காதீங்க" என்று நான்கு வருடமாக எல்லாரையும் பழக்கியவன் நான். தகவலைப் பூட்டி அனுப்பும் குறியாக்கம் இருக்கிறதே, இடையில் எவன் படிக்க முடியும் என்று ஒரு தெனாவெட்டு. திருடன் காதில் ரகசியமாகச் சொன்னாலும் அது திருடனிடம் சொன்னதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. அசலுக்கும் சிவப்பு, போலிக்கும் சிவப்பு. அக்கா எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

"நான் சொல்லித்தான் அமுக்கினீங்கன்னு சார்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? உங்களுக்குக் குழந்தை பொறந்து மூணு மாசம்கூட ஆகல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிப்போர்ட் எழுதவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்காவுக்கு அடித்து வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்கு ஒன்று அடிக்கச் சொன்னார். முறையான சான்றிதழைப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் நான் கிளம்பலாம்.

செய்தி எனக்கு முன்னால் கவுன்டருக்குப் போயிருந்தது. அக்கா வரிசையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து என் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினார்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு? கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு இப்ப எங்க போய் நிப்பீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, அழுதுகொண்டே திட்டினார். அவர் திட்டத் திட்ட எனக்கு நெஞ்சு லேசானது.