எந்த மீனுக்கு இந்த அடையாளம்?

பனை விழுந்த அன்றைக்கே கோதண்டத்தின் பிழைப்பு நின்றுபோயிற்று. கோட்டையில் இருந்த ஒல்லாந்தர், டச்சு வெள்ளைக்காரர்கள், தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்ப வந்தார்கள். நடுவில் நின்ற ஒற்றைப் பனையை வெட்டிச் சாய்த்தார்கள். அவர்களுக்கு அது மரம். கோதண்டத்துக்கு அது சோறு.

பழவேற்காட்டு ஏரியில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு இறால் பள்ளம் இருந்தது. படகிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தீவின் முனையும் தாழம்புதரும் ஒன்றுசேர வேண்டும். கரைப் பக்கம் திரும்பினால் பெருமாள் கோயில் கலசம் அந்தப் பனைக்குப் பின்னால் மறைய வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில் வலையை இறக்கினால் படகு நிறையும். இப்போது பனை இல்லை. தண்ணீரில் கழி நட்டு வைக்கலாம்தான். நட்டால் மறுநாளே ஊர் முழுக்க வலையோடு வந்து நிற்கும்.

அவருடைய குப்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிப்போய்ப் பள்ளத்தின் அடையாளத்தைக் காட்டிக்கொடுப்பார்கள். அதுதான் சீர். கோதண்டத்தின் ஒரே மகள் செல்வம்மாளுக்கும் கடலோரக் குப்பத்துத் துளசிங்கத்துக்கும் தையில் கல்யாணம்.

“வெறுங்கையோட மாப்பிள்ள மூஞ்சில எப்டி முழிக்கிறது? பள்ளம் கெடைக்கிற வரைக்கும் கல்யாணம் வேணாம்” என்றார் கோதண்டம்.

“அவரு ஒண்ணும் கேக்கல நைனா” என்றாள் மகள்.

“அவன் கேக்க மாட்டான். அவங்கம்மா சும்மா இருப்பாளா?”

 செல்வம்மாள் நண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தாள். வாடிக்கையாக நண்டு வாங்கும் வெள்ளைக்காரத் துரைசாணியின் புருஷன் மழைக்கு முன்னால் காய்ச்சலில் இறந்திருந்தார். அவரைப் புதைத்தது பனையின் அடிக்கட்டையை ஒட்டி. அங்கே பெரிதாக ஏதோ கட்டப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அது பனை உயரம் வருமா என்று மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

துரைசாணி வீட்டுக் கூடத்து மேசை முழுக்கப் படங்கள் பரப்பிக் கிடந்தன. துரைசாணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கல்வேலைக்காரர் தானியேல். அவருக்கு ஒல்லாந்தர் பேச்சு தெரியும்.

“இன்னாண்ணே இதெல்லாம்?” என்று கேட்டாள் செல்வம்மாள்.

“உலகத்துல கீற பழைய பெரிய கட்டடம்மா. இதுல ஒண்ணு மாதிரி தொரைக்குக் கல்லறை கட்டணுமாம். தெனம் விரிச்சுப் பாக்குறாங்க, அழுவுறாங்க, மூடி வெக்கிறாங்க.”

முதல் படத்தில் முக்கோணமாக ஒரு மலை. மிசிர் என்கிற எகிப்து தேசத்து ராஜாவின் சமாதி என்றார் தானியேல்.

“எந்த மீனுக்கு இந்த அடையாளம்?”

“இன்னாது?”

“இம்மாம் ஒசரம் எதுக்குக் கட்டுவாங்க? தண்ணியில இருந்து பாக்கத்தானே?”

“சுத்தி வெறும் மணலும்மா அங்க.”

“பின்ன யாரு பாக்குறது?” செல்வம்மாளுக்கு அந்த ராஜாவின் மேல் இரக்கமாக இருந்தது.

அடுத்தது ரோமாபுரியில் இருப்பது. வட்டமாக, சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக, ஒரு பக்கம் இடிந்து கிடந்தது.

“பிஞ்சுபோன மீன் கூடை. இதுல போட்டா எல்லாம் ஓடிப்பூடும்.”

தானியேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். துரைசாணி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

மூன்றாவதில், கடலோரத்தில் அடுக்கடுக்காக ஒரு கோபுரம்.

“இது மட்டும் நீ சொல்ற மாதிரிதான். கப்பலுக்கு அடையாளம். உச்சில நெருப்பு எரியுமாம். பூமி ஆடுனதுல விழுந்துபோச்சு.”

“ஐயோ! அப்பால அந்த ஊருக்காரங்க இன்னா பண்ணாங்க?”

கேட்டுவிட்டு அவள் ஜன்னல் வழியே பனை நின்ற பக்கம் திரும்பினாள். துரைசாணி கவனித்துவிட்டாள். என்னவென்று தானியேலைக் கேட்கச் சொன்னாள். செல்வம்மாள் தரையைப் பார்த்தபடி பனை, பள்ளம், நைனா, கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தானியேல் சொல்லச் சொல்ல துரைசாணியின் முகம் மாறியது. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

“சாவுற வரைக்கும் தொரை உங்க நைனாவைத்தான் திட்னாராம்” என்றார் தானியேல். “பெரிய இறால் எங்க, ஏன் வெறும் நண்டா வருதுன்னு. பனையை வெட்டச் சொன்னவரே அவருதானாம்!”

துரைசாணி கடைசிப் படத்தை இழுத்து முன்னால் வைத்தாள். நாலு பட்டையாக உயர்ந்து, போகப்போக ஒடுங்கி, கூராக முடியும் ஒற்றைக் கல். அதுவும் மிசிர் தேசத்தது. அதன் உச்சியில் விரலை வைத்துச் செல்வம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

“கரையோரத் தோப்புக்கு மேல தல தெரிஞ்சாப் போதும்மா” என்றாள் செல்வம்மாள்.

மார்கழிக் கடைசியில் கல்லறை எழுந்து நின்றது, சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேரென்று. கோதண்டம் மாப்பிள்ளையைப் படகில் ஏற்றினார். கழி ஊன்றச் செல்வம்மாளும் போனாள். தீவின் முனை தாழம்புதரோடு சேர்ந்தது. கரையில் கலசம் மெல்ல நகர்ந்து நகர்ந்து வெள்ளைக் கூருக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

“இங்கதான்! நிறுத்து!” கோதண்டம் போட்ட சத்தத்தில் படகே ஆடியது.

“மாமா, மெதுவா. கரை வரைக்கும் கேக்கப் போவுது” என்றான் துளசிங்கம்.

வலை கனத்து ஏறியது. இறால்கள் படகெங்கும் துள்ளின. ஒன்று மாப்பிள்ளையின் மடியிலேயே விழுந்தது.

முதல் கூடையைச் செல்வம்மாள் துரைசாணிக்குக் கொண்டுபோனாள். துரைசாணி கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தானியேலிடம் கேட்டு மனப்பாடம் செய்திருப்பாள் போல. புருஷனின் கல்லைக் காட்டித் தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டாள்.

“எந்த மீனுக்கு இந்த அடையாளம்?”

செல்வம்மாள் கூடையைத் திறந்து காட்டினாள்.

“இறாலுக்கும்மா.”