பொன்னாயி சொன்ன ஜெபம்

மண் சரிந்தபோது சத்தமே வரவில்லை என்றுதான் பொன்னாயி பிற்பாடும் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு இடி விழுந்ததுபோல் கேட்டதாம். அவள் கிணற்று மேட்டில் நின்று, மேலே வந்த மண்கூடையை வாங்கிக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் கிணற்றின் மேற்குப் பக்கத்தைக் காணோம். கீழேயிருந்து புழுதி எழும்பி முகத்தில் அடித்தது. காலிக்கூடை கையிலேயே இருந்தது.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அவள் புருஷன் கந்தன், அவன் தம்பி ஆண்டி.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே சென்னியப்பக் கவுண்டர் தோட்டத்துக் கிணறு அது. இரண்டு வருஷமாக மழை இல்லாமல் ஊரெங்கும் கிணறுகளை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் இறங்கினார்களே ஒழிய, அவர்களுக்குள் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. கந்தனும் பொன்னாயியும் ராசிபுரத்து வேதக்கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியதில் வந்த பிணக்கு. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அண்ணன் வரமாட்டான் என்று தெரிந்த அன்றைக்கே ஆண்டி அந்த வீட்டுப் பக்கம் வருவதை விட்டான். தாய் மாரக்காளும் சின்ன மகனோடு போய்விட்டாள்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்து மண்ணை வார ஆரம்பித்தார்கள். பொன்னாயி அழவில்லை. யாரோ கூடையைப் பிடுங்கினார்கள்; அவள் விடவில்லை. ஜெபம் பண்ண நினைத்தாள். தினமும் சொல்லிப் பழகியதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. ‘ஆண்டவரே’ என்பது மட்டும் நாக்கில் நின்றது. ஒவ்வொரு கூடை மண் மேலே வரும்போதும் அதையே சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் ஆண்டியை எடுத்துவிட்டார்கள். பாறையில் ஒரு குடைவு இருந்தது. அதற்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறான். தோள்பட்டை இறங்கியிருந்தது, உயிர் இருந்தது. அதைப் பார்த்ததும் பொன்னாயிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவன் பிழைத்தால் மற்றவனும் பிழைக்கத்தானே வேண்டும்? சிறிது நேரத்தில் கந்தனைத் தூக்கி வந்து அவள் காலடியில் கிடத்தினார்கள். வாய் நிறைய மண்.

அவள் உட்கார்ந்து, முந்தானை நுனியால் அந்த மண்ணைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் எழுந்து உட்காருவான் என்றே அந்த நிமிஷம் எண்ணினாள்.

ஓடிவந்த மாரக்காள் மகன்மேல் விழுந்து புரண்டாள். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

“உன்ற சாமி எங்கடி போயிருந்துச்சு?”

பொன்னாயியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேதக்கோயில் உபதேசியாரை அழைத்துவர ராசிபுரத்துக்கு ஆள் போயிற்று. அவர் சேலத்துக்குப் போனவர், திரும்ப இரண்டு நாள் ஆகும் என்று விடியற்காலையில் தகவல் வந்தது. வெயில் காலம், அதுவரை வைத்திருக்க முடியாது. பழைய முறைப்படியே செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பாடை கிளம்பியதும் பொன்னாயியும் பின்னாலேயே நடந்தாள்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. கிழவர் ஒருவர் நின்று அவளைத் திரும்பிப் போகச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மண்வெட்டியை எடுத்தவர்கள் அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“ஆண்டவரே, இவரு உங்க ஆளு. நேத்துக் காலைல கஞ்சி குடிச்சுப்போட்டு வேலைக்கு வந்தாரு. ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்கு வெளங்கலீங்க. என்ற கையிலிருந்து இவர வாங்கிக்குங்க. என்னயும் உட்றாதீங்க.”

அவ்வளவுதான். ஒரு பிடி மண்ணை அவளே முதலில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. தனக்கா அந்தத் துணிச்சல் வந்தது என்று வீடு திரும்பிய பிறகுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் ஆண்டி வந்தான். தோளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் அந்த வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அண்ணன் கயித்தப் புடிச்சுட்டாருங்க அண்ணி. ஏறியிருந்தா பொழச்சிருப்பாரு. நான் கத்துனேன். கயித்த உட்டுப்போட்டுத் திரும்பி வந்து, என்னயப் பாறைக்குள்ள தள்ளுனாரு.”

அவள் கேட்டாள்.

“ஏதாச்சும் சொன்னாரா?”

“‘உள்ள போடா தம்பி’ன்னாரு. ஒரு வருசத்துல எங்கிட்டப் பேசுனது அது ஒண்ணுதான்.”

பொன்னாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மண் சரிந்தபோது வராத ஆத்திரம் இப்போது வந்தது. கயிறு கையில் இருந்திருக்கிறது! மேலே பெண்டாட்டி நிற்கிறாள் என்ற நினைப்பு ஒரு கணம்கூட வரவில்லையா? கந்தனை ஏசினாள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கடவுளையும் விடவில்லை. அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. சண்டை போட்டே பொழுதைக் கழித்தாள். தொண்டை வறண்டு ஓய்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இல்லாத ஒருவரிடம் யாராவது இவ்வளவு நேரம் சண்டை போடுவார்களா? கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தானே இத்தனையும் பேசினாள்! அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடித்து எழுந்து, முகம் கழுவி, அடுப்பை மூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்துக்கு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆண்டி. கோயிலுக்குள் அவன் நுழையவில்லை. வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உபதேசியார் போய்க் கூப்பிட்டதற்கு, தன்னால் மாரியாத்தாளை விட முடியாது, அண்ணிக்குத் துணையாக வந்தேன் என்று சொல்லிவிட்டானாம். அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரம் மாரக்காளும் கூட வந்து, அதே மரத்தடியில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கவுண்டர் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டு, வடக்கே வேறு கிணறு தோண்ட ஏற்பாடு செய்தார். பொன்னாயி கூலிக்கு வந்து நின்றதைப் பார்த்து அவருக்கே திகைப்பு.

“உன்னால முடியுமா புள்ள?”

“தெரியலீங்க பண்ணாடி. பாக்கறேனுங்க.”

மேட்டில் ஏறி நின்றாள். கீழேயிருந்து யாரோ, ‘கூடை ஏறட்டும்’ என்று குரல் கொடுத்தார்கள். “ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டு அவள் கூடையை வாங்கக் கை நீட்டினாள்.