பிறந்த தேதி சொன்னால்தான் ஊசி

எங்கள் தெரு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் இரண்டு ஹெர்மினியா வால்தேஸ்கள் உண்டு. ஒருவருக்குப் பெனிசிலின் ஆகாது. அதனால் வந்தவர் தன் பிறந்த தேதியை உரக்கச் சொல்ல, உள்ளே டாக்டர் சீட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நர்ஸ் யூஸ்மாரி ஊசி போடுவாள்.

தொண்டைப் புண்ணோடு வந்த ஹெர்மினியா அத்தைக்கு அதுதான் சங்கடம். டிசம்பரில் அவரை மணக்கப்போகும் கசிமிரோ பெஞ்சில் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் அத்தை சொல்லியிருந்த வயது அறுபத்தொன்று.

"உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான். என்னைத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அத்தை. ஊசிக்குத் தெரியாதே."

அத்தை ஒன்பது வருடத்தைக் குறைத்து ஒரு தேதியைச் சொன்னார்.

"அந்தத் தேதியில இங்க யாருமே பொறக்கல!" என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "ஊசி போடாதே!"

எச்சில் விழுங்கக்கூட முடியாத அத்தை, கண்ணை மூடிக்கொண்டு உண்மையான தேதியைச் சொல்லிவிட்டார்.

"சரி, போடு!" என்றார் டாக்டர்.

கசிமிரோ விரல்விட்டு எண்ணினார். "எழுபதா! என்னைவிட ரெண்டு வயசு மூத்தவளா நீ? அப்புறம் எதுக்கு டிசம்பர் வரைக்கும் காத்திருக்கணும்? இந்தச் சனிக்கிழமையே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

அத்தை வாயைப் பிளந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யூஸ்மாரி ஊசியைப் போட்டு முடித்துவிட்டாள்.