முத்திரை வைத்த தொட்டி

எங்கள் வீட்டில் யாரும் யார்மேலும் விரல் நீட்டியது கிடையாது. கூடத்துத் தொட்டியில் மீன்கள் சாக ஆரம்பிக்கும்வரை அப்படித்தான் இருந்தோம்.

தொட்டி என் மகனுடையது. அவன் கப்பலில் எஞ்சினியர். போன விடுமுறைக்கு வந்தவன் ஒரு சுவர் நீளத்துக்கு அதை நிறுத்திவிட்டுப் போனான். கடையில் பார்க்கும் சாதாரணக் கலர் மீன் தொட்டி இல்லை, கடல்நீர்த் தொட்டி. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, கடலில் இருக்கும் அளவுக்கு உப்பு ஏறியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே உள்ளே ஊற்ற வேண்டும். அந்த வேலை முழுக்க மருமகள் தலையில் விழுந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை விட்டு வந்ததும் தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் குனிந்து நிற்பாள். குறை சொல்ல இடம் வைக்கவில்லை. அதை இப்போது சொல்வது எனக்குப் பெருமை இல்லை, ஆனாலும் உள்ளது உள்ளபடி வர வேண்டும்.

முதலில் போனது நீல மீன். மேலே ஒரு புள்ளி இல்லை, செதில் உதிரவில்லை, கண் தெளிவாக இருந்தது. மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீன்களில் ஒன்று. முதல் நாள் மாலை வரை தீனிக்கு முண்டியடித்தது அது.

மீன் விற்ற கடைக்காரரை வரவழைத்தோம். எங்கள் பகுதியில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, அட்டையில் இருந்த நிறங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"தண்ணில ஒரு குறையும் இல்லீங்க. நீங்களும் நானும் குடிக்கிறதைவிட சுத்தம்."

"அப்புறம் ஏன் சாகுது?" என்றேன்.

"அதுதாங்க பிடிபடல."

அவர் படியிறங்கிய பிறகு என் மனைவி சொன்னாள்: "பேருதான் டாக்டர்னு நினைச்சேன். கைய விரிக்கிறதுலயும் டாக்டராவே இருக்காரு."

மருமகள் சிரிக்கவில்லை. செத்த மீன்களை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வைத்தாள்.

"எங்க லேப்ல இருக்கறவருக்கு மீன் நோய் பாக்கற எடத்துல ஆள் தெரியுமாம், மாமா. அறுத்துப் பாத்துச் சொல்லுவாங்களாம். கேட்டுட்டிருக்கேன்."

"என் ஃப்ரிட்ஜ் என்ன பொணவறையா?" என்றாள் என் மனைவி.

"ஒரு ஓரமா இருக்கட்டும் அத்தை. காரணம் தெரிஞ்சாகணும். இல்லன்னா உங்க பையன் என்னைத்தான் கேப்பார்."

அவள் பயந்தபடியே ஆனது. ஆனால் மகன் அவளைக் கேட்கவில்லை, என்னைக் கூப்பிட்டான். கப்பலிலிருந்து பேசும்போது அவன் குரல் விட்டு விட்டுத்தான் வரும். அன்று தெளிவாக வந்தது.

"அப்பா, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு அந்தத் தொட்டி ஆரம்பத்துலேர்ந்தே ஆகாது."

"என்னடா பேசற?"

"தனி வீடு பாக்கலாம்னு அவ கேட்டா. நான் இதை வாங்கினேன். அன்னிக்குச் சாப்பிடும்போது என்ன சொன்னா, உங்க காதுலயும் விழுந்துதே."

விழுந்தது. 'அந்தத் தொட்டிக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்ல' என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அதை நான் மறந்திருந்தேன். மகன் எடுத்துக் கொடுத்தபின் மறக்க முடியவில்லை. என் மனைவிக்கும் அதே சொல் மனதில் ஓடுகிறது என்பது அவள் மருமகளின் கையைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. இன்னொரு மீனும் போயிற்று. அதையும் மருமகள் டப்பாவில் சேர்த்தாள்.

நான் எடை, அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தராசுக்கும் பெட்ரோல் பம்புக்கும் முத்திரை வைத்தே என் வேலைக்காலம் போனது. செம்புக் கம்பியைக் கோத்து, அதில் ஈயக் குண்டைச் செருகி, இடுக்கியால் ஒரு நசுக்கு நசுக்கினால் முடிந்தது. பிறகு யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும். முத்திரை எவனையும் திருடன் என்று சொல்வதில்லை. நேர்மையான கடைக்காரனுக்கு அதுவே துணை. ஒரு வீட்டில் சந்தேகம் வாய்விட்டுப் பேசாமல் புழுங்கிக்கொண்டே இருப்பதைவிட, முத்திரை வைத்து முடித்துவிடுவது கண்ணியம் என்று எனக்குப் பட்டது. மூடிய தொட்டியில் மீன் செத்தால் அவள்மேல் பழி இல்லை. சாகவில்லை என்றால், அதையும் நாலு சுவருக்குள் பேசித் தீர்க்கலாம்.

தொட்டி மூடியின் வளையத்திலும் சட்டத்திலும் கம்பியைக் கோத்தேன். மிச்சக் கம்பியை நறுக்காமல் உட்பக்கமாக நீளவிட்டேன். வெளியே நுனி தெரிந்தால் குறடு வைத்து இழுத்துத் தளர்த்துவார்கள் என்பதால் எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். காலையில் நானே அறுத்து, தீனி போட்டு, புதுக் கம்பி கட்டுவதாக ஏற்பாடு.

மாலையில் அவள் வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஈயக் குண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எனக்கா மாமா?"

"எல்லாருக்கும்தாம்மா."

"எல்லாரும்னா யாரு? அத்தை இந்தப் பக்கமே வர மாட்டாங்க. நீங்க தண்ணியத் தொட மாட்டீங்க."

"உனக்கு நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கேன். நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல முடியாது."

"எங்க வேலையிலயும் ஈயம் உண்டு மாமா. அதை நாங்க அங்கியா உடம்புல போட்டுக்குவோம், எக்ஸ்ரேலேர்ந்து எங்களக் காப்பாத்திக்க. இது யாரக் காப்பாத்த?"

மாமனார் மருமகளிடம் வாதாடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவள் அறைக்குள் போய்ப் பெட்டியோடு வந்தாள். என் மனைவியிடம் போய்வருகிறேன் என்று முறையாகச் சொன்னாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "டப்பா ஃப்ரீசர்ல இருக்கு அத்தை. ஆள் கிடைச்சதும் வந்து வாங்கிக்கறேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். பிறந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நானே சொல்லிவைத்தேன்.

அவள் போன பிறகு கொஞ்ச நாள் தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாட்கள்தான் கொடுமை. ஒவ்வொரு காலையும் எல்லாம் உயிரோடு நீந்துவதைப் பார்த்து, அப்படியானால் அவள்தானா என்று கேட்டுக்கொண்டேன். மகன் "பாத்தீங்களா" என்றான். என் மனைவி ஃப்ரிட்ஜைத் துடைத்துச் சுத்தம் செய்தாள்.

பிறகு இறால் செத்தது. பாறை இடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிவப்பு இறால், மல்லாந்து கிடந்தது. அடுத்து மிச்சமிருந்த கோமாளி மீன். முத்திரை அப்படியே இருந்தது, குண்டு சிதையவில்லை. என் இத்தனை வயதில் ஒரு சாவைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தது அதுவே முதல் தடவை. செய்தது அவள் இல்லை. மூடிய தொட்டியில், அவள் இல்லாதபோது செத்திருக்கிறது.

செத்த மீனையும் இறாலையும் வலையால் எடுத்து வேறொரு டப்பாவில் வைத்தேன். குண்டு உடையாதபடி கம்பியை ஓரமாக வெட்டி, முத்திரையை முழுசாக எடுத்துத் தாளில் சுற்றினேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமல் நான் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. அன்று ஏறினேன்.

அவளே கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"நீ இல்லாதப்ப ரெண்டு போயிருக்கும்மா. முத்திரை உடையல. உன் மேல பழி இல்லைன்னு நானே வந்து சொல்றேன். பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

டப்பாவையும் முத்திரைத் தாளையும் நீட்டினேன். அவள் தாளைப் பிரித்தாள். மீனைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள், எக்ஸ்ரே படத்தைப் பிடிப்பதுபோல். கம்பியின் ஒரு பாதி பளபளவென்று இருந்தது. மறு பாதி பச்சை பூத்திருந்தது.

"இந்தப் பச்சை வரைக்கும் தண்ணிக்குள்ள இருந்துதா மாமா?"

"நுனி உள்ள இருக்கும். தினம் புதுசுதான் கட்டினேன்."

"செம்பு. கடல் தண்ணில செம்பு போட்டா மொதல்ல இறால் சாகும். அப்புறம் மீனு. இவர் தொட்டி வச்ச அன்னிக்கே சொன்னார், வளையல்கூடக் கழட்டிட்டுத்தான் கைய விடணும்னு."

என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள், நான்தான் தண்ணீரைத் தொடமாட்டேனே.

"அப்ப இதுங்க ரெண்டும் உங்க கம்பியால போச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மொதல்ல போனதுங்க காரணம் தெரியாம அப்படியேதான் நிக்குது."

"நான் உன்ன நம்பறேம்மா."

"உங்க பையன்?"

தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"ஃப்ரீசர்ல அந்த டப்பா இருக்குல்ல? ஆள் கிடைச்சிட்டாங்க. அத அறுத்துப் பாத்தா என்னன்னு தெரிஞ்சிடும். உப்போ, மருந்தோ, நோயோ, எதுவோ. எழுதியே தருவாங்க."

நான் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை தூக்கிப் போட்டுட்டாங்களா?"

"ஃப்ரிட்ஜைக் கழுவினா" என்றேன்.

அவள் முத்திரையைப் பழையபடி தாளில் சுற்றினாள். டப்பாவின் மூடியை நாலு பக்கமும் அழுத்தி மூடினாள். இரண்டையும் என் கையில் கொடுத்தாள்.

"இனிமே நான் செய்யலன்னு யாராலயும் சொல்ல முடியாது மாமா. என்னாலயும்தான்."

"அதுக்காகப் பிறந்த வீட்டுலயே இருந்துடுவியா?"

"அங்க வந்தா தினமும் சாப்பாடு போடுவேன். ஒவ்வொரு தடவையும் அத்தை தட்டைப் பாப்பாங்க. பாக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க, வரேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாத ஒன்றுக்கு நான் உத்தரவாதம் தந்ததில்லை. எழுந்தேன். படி முடியும்வரை கூட வந்து, "பாத்து இறங்குங்க மாமா" என்றாள்.

வீட்டில் என் மனைவி வாசலையே பார்த்து நின்றாள். என் பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டதும் உள்ளே போய்விட்டாள். தொட்டியில் மிஞ்சியிருந்த ஒரே மீன், ஒரு மஞ்சள் மீன், மூடிக்குக் கீழே ஒரே இடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. கையை விட்டு மணலைத் துழாவினேன், கம்பித் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று. முதல்முறையாக அந்தத் தண்ணீரைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மகன் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னேன், கம்பியையும் சேர்த்து.

"சரி, பின்னாடி செத்தது உங்களால. தெரியாம நடந்தது, விடுங்க. முன்னாடி செத்தது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியாதுடா" என்றேன். அந்தச் சொல்லை என் மகன் என் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அவன் அதை அவனுக்கு வேண்டிய விதமாக எடுத்துக்கொண்டான்.

"அப்போ அவ அங்கயே இருக்கட்டும்பா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மஞ்சள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் ஓட்டத்தோடு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். கூடம் அமைதியானதும் சமையலறையில் என் மனைவி விசும்புவது கேட்டது.